செண்டு வாத்து: பார்த்தும் கேட்டும் தெரிஞ்சுக்குவோம்



போன மழைக்காலம் முடிந்த கையோடு, தாம்பரத்துக்குத் தெற்கே ஏரிக்கரை ஓரமாக இருக்கிற நம்ம ஊர் ஒன்றில் மாதக் கூட்டம் நடந்தது. சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்து நோட்டை மூடும் நேரம். உறுப்பினர் அக்கா ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார்.

அந்த வாரம் ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தி ஒருவர் கோணிப்பையில் வாத்து விற்றாராம். "நாட்டு வாத்துதாம்மா, ஏரியில மேஞ்சது" என்று சொன்னதை நம்பி இவர் இரண்டு வாங்கிவிட்டார். வீட்டில் பையைப் பிரித்தபோது ஒன்று செத்துக் கிடந்தது. இன்னொன்று பயத்தில் ஒடுங்கிப் போயிருந்தது. ஒன்பதாவது படிக்கிற மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, மூக்கு நுனி மஞ்சளா இருக்கு பாரு. இது வளர்க்கிற வாத்து இல்ல, ஏரிப் பறவை" என்றாள். உயிரோடு இருந்ததை இருட்டுவதற்குள் கொண்டுபோய் ஏரியில் விட்டுவிட்டார்கள்.

"எனக்குத் தெரியாமப் போச்சே" என்று அந்த அக்கா வருத்தப்பட்டார். உண்மையைச் சொன்னால் அன்றைக்குக் கூட்டத்தில் இருந்த எங்களுக்கும் தெரியவில்லை. எது வீட்டு வாத்து, எது காட்டு வாத்து, எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது? ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தும் இதுகூடத் தெரியாமல் இருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எல்லா வாத்தையும் ஒரே நாளில் கற்றுக்கொள்ள முடியாது. வளர்ப்பு வாத்து என்று நாம் மிகச் சுலபமாக ஏமாறக்கூடிய பெரிய வாத்து ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் செண்டு வாத்து.

செண்டு வாத்து எங்கே வாழுது?

ஆப்பிரிக்காவில் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருக்கிற நாடுகளிலும், மடகாஸ்கர் தீவிலும் இது வாழ்கிறது. அங்கே ஏரி, சதுப்பு, ஆற்றங்கரை எல்லாம் இதற்கு வீடு. இதே வாத்து நம் இந்தியாவிலும் இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே பறவை. ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து பறந்து வந்த விருந்தாளி என்று நினைத்துவிடாதீர்கள். இங்கேயே முட்டையிட்டு, இங்கேயே குஞ்சு பொரிக்கிற நம்ம ஊர்ப் பறவைதான்.

வட இந்தியாவில் இதற்கு 'நக்டா' என்று பெயர். மூக்கை வைத்து வந்த பெயர். ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் மழைக்காலத்தில் இவை கூடு வைக்கும். தென்னிந்தியாவில் எண்ணிக்கை குறைவு. மழை எங்கே நன்றாகப் பெய்து ஏரி நிறைகிறதோ அங்கே போகும். தண்ணீர் வற்றினால் இடம் மாறும். ஆப்பிரிக்காவில் காலில் வளையம் மாட்டிவிட்ட செண்டு வாத்துகள் சில, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வேறு நாட்டில் கிடைத்திருக்கின்றன. தண்ணீரைத் தேடி அவ்வளவு தூரம் போகும். ஆகையால் நம்ம ஏரியில் இதை தினமும் பார்க்க முடியாது. எப்போதாவது வந்தால் அது நம்ம ஏரிக்குக் கிடைத்த நற்சான்றிதழ் என்று வைத்துக்கொள்ளலாம்.

எப்படி இருக்கும்?

ஆண் வாத்தை ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது. அடையாளங்களை வரிசையாகச் சொல்கிறோம்:

* மூக்கு: கருப்பு அலகின் மேலே, நெற்றியை ஒட்டி, சதைப்பற்றான ஒரு கரும் மேடு எழும்பி நிற்கும். பூச்செண்டைச் சொருகி வைத்தது போல இருப்பதால் செண்டு வாத்து. இனப்பெருக்கக் காலமான மழைக்காலத்தில் இந்த மேடு பெரிதாகும்; மற்ற நாட்களில் சுருங்கிச் சின்னதாகத் தெரியும்.
* தலை, கழுத்து: வெள்ளை. அதில் மை தெளித்த மாதிரி கரும்புள்ளிகள்.
* முதுகு, இறக்கை: தூரத்தில் கருப்பு. வெயில் பட்டால் பச்சை, நீலம், ஊதா, தாமிரம் என்று பளபளக்கும். பட்டுப்புடவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் நிறம் மாறுமே, அதுபோல.
* வயிறு, மார்பு: வெள்ளை.
* கால்: சாம்பல் நிறம். விரல்களுக்கு நடுவே நீந்துவதற்கான சவ்வு உண்டு. ஆனாலும் மரக்கிளையில் உட்காரும்.

பெட்டை கொஞ்சம் சிறியது. நிறம் ஏறக்குறைய அதேதான், ஆனால் பளபளப்பு மங்கல். மூக்கில் மேடு கிடையாது. ஆணும் பெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் தாயும் மகளும் என்றுதான் தோன்றும், அவ்வளவு அளவு வித்தியாசம்.

அலகிலிருந்து வால் வரை 56 முதல் 76 சென்டிமீட்டர் நீளம். இறக்கையை விரித்தால் 116 முதல் 145 சென்டிமீட்டர். நம்ம புடவையின் அகலத்தை விட அதிகம்! எடை ஒரு கிலோவில் தொடங்கி, பெரிய ஆணாக இருந்தால் மூன்று கிலோவை நெருங்கும். பறக்கும்போது இறக்கை மேலும் கீழும் முழுக்கக் கருப்பாகவும், வயிறு வெள்ளையாகவும் தெரியும். இது நல்ல அடையாளம்.

புல் விதை, நெல்மணி, நீர்ச்செடிகளின் குருத்து, தண்ணீரில் இருக்கிற சின்னப் பூச்சிகள் இதன் சாப்பாடு. நெல் வயலிலும் இறங்கும் என்பதால் சில இடங்களில் விவசாயிகளுக்கு இதன் மேல் கோபம் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

குரல் எப்படி?

வாத்து என்றாலே "குவாக் குவாக்" என்று கத்தும் என்றுதான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். செண்டு வாத்து அப்படி இல்லை. பெரும்பாலும் வாயே திறக்காது. இவ்வளவு பெரிய பறவை ஏரி நடுவில் நிற்கும், சத்தமே வராது.

கத்தும் நேரம் இரண்டு மூன்று உண்டு. கலைந்து பறக்கும்போது தொண்டைக்குள்ளிருந்து தவளை மாதிரி அடங்கிய குரலில் "கர்ர்... கர்ர்" என்று ஒலிக்கும். இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண், மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு கம்மிய விசில் கொடுக்கும். எதிராளி ஆணைத் துரத்தும்போது 'உஸ்ஸ்' என்று சீறும். பெட்டை கூட்டுக்குப் பக்கத்தில் மெல்லிய குரலில் கூப்பிடும். அவ்வளவுதான்.

ஆண் குரலும் பெட்டை குரலும் ஏன் வேறாக இருக்கிறது? நமக்குக் குரல் தொண்டையின் மேல்பகுதியில் பிறக்கிறது. பறவைக்கு மூச்சுக்குழாய் நுரையீரலுக்குள் பிரிகிற இடத்தில், நெஞ்சுக்குள்ளே குரல்பெட்டி இருக்கிறது. பெரும்பாலான வாத்து இனங்களில் ஆணுக்கு மட்டும் அந்த இடத்தில் எலும்பாலான ஒரு குமிழ் புடைத்திருக்கும். பெட்டைக்கு அது கிடையாது. ஊதல் ஒன்றுதான், உள்ளே பானை வைத்தது போல ஆணுக்கு ஓசை மாறிவிடுகிறது. அதனால்தான் பல வாத்துகளில் பெட்டை உரக்கக் கத்தும், ஆண் கம்மிய குரலில் பேசும்.

மரப்பொந்தில் ஒரு குடும்பம்

வாத்து தரையில்தான் முட்டையிடும் என்று நினைக்கிறோம். செண்டு வாத்து அப்படியல்ல. தண்ணீருக்கு அருகில் நிற்கிற பழைய பெரிய மரத்தில் பொந்து தேடும். இந்தியாவில் மழைக்காலமான ஜூலை முதல் செப்டம்பர் வரை முக்கியமான கூடு வைக்கும் காலம். ஒரு பெட்டை பொதுவாக 7 முதல் 15 முட்டை வரை இடும். சில நேரம் இரண்டு மூன்று பெட்டைகள் ஒரே பொந்தில் இட்டுவிடும். ஏறத்தாழ 28 முதல் 30 நாள் அடைகாத்தல். அடைகாப்பது முழுக்கப் பெட்டை மட்டும்தான். ஆண், இரண்டு மூன்று பெட்டைகளோடு குடும்பம் நடத்திக்கொண்டு காவல் சுற்றும், முட்டை பக்கமே போகாது. "நம்ம ஊரு கதைதான்" என்று கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

குஞ்சு பொரித்ததும் தாய் கீழே இறங்கிக் கூப்பிடும். பஞ்சு உருண்டை போன்ற குஞ்சுகள் பொந்து வாசலிலிருந்து ஒவ்வொன்றாகக் குதிக்கும். எடை இல்லாததால் அடிபடாது. நேராகத் தண்ணீருக்கு நடை.

இங்கேதான் நமக்கு ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. ஏரியில் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது. கரையில் பொந்துள்ள பழைய மரமும் வேண்டும். அந்த ஒரு மரத்தை வெட்டினால், அடுத்த வருஷம் அந்த வாத்துக்குப் பிரசவ அறை இல்லை. புதிதாகக் கன்று நட்டாலும் அதில் பொந்து விழப் பல பத்தாண்டுகள் ஆகும். பட்டுப்போன மரம் விறகுக்குத்தானே என்று நினைக்கிறோம். ஆந்தை, மைனா, கிளி, குள்ளத்தாரா, செண்டு வாத்து எல்லாவற்றுக்கும் அது வீடு.

இதையும் மற்றதையும் பிரித்துப் பார்ப்பது எப்படி?

கோணிப்பையைத் திறந்தால் ஏமாறக்கூடாது. கீழே சொல்வதை மனதில் வையுங்கள்.

மணிலா வாத்து: நம்மில் பலர் வீட்டில் வளர்ப்பது. ஆணுக்கு முகத்தில் கண்ணைச் சுற்றிச் சிவப்பாகச் சதை தொங்கும், மொறுமொறுவென்று இருக்கும். இது தென் அமெரிக்காவிலிருந்து மனிதர்கள் வளர்ப்பதற்காகக் கொண்டு வந்தது. மூக்கில் மேடு இருக்கிறதே என்று இதோடு செண்டு வாத்தைக் குழப்பிக்கொள்வார்கள். நினைவில் வையுங்கள்: முகம் சிவப்பு என்றால் மணிலா. மேடு கருப்பு, தலை வெள்ளை, முகத்தில் சிவப்பே இல்லை என்றால் அது செண்டு வாத்து, காட்டுப் பறவை. மணிலா ஆணும் கத்தாது, 'உஸ்' என்று மூச்சு விடும். பெட்டை மெல்ல முனகும்.

வளர்ப்பு வாத்து (நாட்டு வாத்து, காக்கி கேம்பெல்): இவற்றின் மூதாதை வடநாட்டுக் குளிர்ப்பகுதிகளில் வாழும் பச்சைத் தலை வாத்து. மூக்கில் மேடு இருக்காது. ஆணுக்கு வாலின் மேலே ஒன்றிரண்டு இறகு சுருண்டு நிற்கும்.

புள்ளி மூக்கு வாத்து: அந்த அக்காவின் கோணிப்பையில் இருந்தது இதுதான். நம் சுற்றுவட்டார ஏரிகளில் ஆண்டு முழுவதும் வாழ்கிறது. உடம்பு செதில் செதிலாகப் பழுப்பு. அலகு கருப்பு, நுனி மட்டும் மஞ்சள். அலகு தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் சிவப்புப் புள்ளி. கால் ஆரஞ்சு. பெட்டை உரத்த குரலில் "குவாக் குவாக்" என்று கத்தும். வீட்டு வாத்து மாதிரியே கத்துவதால் ஏமாறுவது சுலபம். மூக்கு நுனியைப் பாருங்கள்.

சீழ்க்கைச் சிறகி: செம்பழுப்பு நிறம், கோழியை விடச் சின்னது. பெயரிலேயே குரல் இருக்கிறது. இரவில் ஏரிக்கு மேலே கூட்டமாகப் பறந்து போகும்போது, "சீ-சிக், சீ-சிக்" என்று சீழ்க்கை அடிக்கும். மாடியில் படுத்திருக்கும்போது நாம் எல்லோரும் கேட்டிருப்போம்.

குள்ளத்தாரா: வாத்துகளிலேயே மிகச் சிறியது, புறாவைவிடக் கொஞ்சம் பெரிது அல்லது சற்றேறக்குறைய அதே அளவு. இதுவும் மரப்பொந்தில்தான் முட்டையிடும்.

ஆப்பிரிக்காவில் இதைவிடப் பெரியதும் உண்டு

செண்டு வாத்து ஆப்பிரிக்காவின் பெரிய நீர்ப்பறவைகளில் ஒன்று என்றாலும், அங்கே அதையும் தாண்டிய ஒரு பெரியண்ணன் இருக்கிறது. அதன் இறக்கை மடிப்பில் முள் மாதிரி கூர்மையான எலும்பு நீட்டிக்கொண்டிருக்கும். முள் இறக்கை வாத்து என்று சொல்லலாம். ஆண்கள் ஆறேழு கிலோ எடைகூட வரும். ஆப்பிரிக்காவின் வாத்து இனங்களில் இதுதான் பெரியது. சண்டையில் அந்த முள்ளால் அடிக்கும். உருவம் இவ்வளவு பெரிதாக இருந்தும் குரல் என்னவோ கொப்பளிக்கிற மாதிரி மெல்லிய விசில்தான். பெரிய உடம்புக்குப் பெரிய சத்தம் என்ற கணக்கு பறவைகளிடம் செல்லாது.

இந்தப் பறவையைப் பற்றி இன்னொரு விஷயம் சமையலறையோடு தொடர்புடையது. சில இடங்களில் இது உடம்பில் கொப்புளம் உண்டாக்கும் ஒரு வகை வண்டைத் தின்கிறது. அந்த வண்டின் நஞ்சு பறவையின் சதையில் தங்கிவிடும். பறவைக்கு ஒன்றும் ஆவதில்லை; அதைச் சமைத்துச் சாப்பிடுகிற மனிதருக்கு விஷம். காட்டில் ஒரு பறவை எதைத் தின்று வளர்ந்தது என்று நமக்குத் தெரியாது என்பதற்கு இது ஒரு உதாரணம்.

கோணிப்பையில் இருப்பது எப்படிச் செத்தது?

இயற்கை நஞ்சு ஒருபுறம். மனிதன் வைக்கிற நஞ்சு அதைவிட மோசம். கென்யா நாட்டில் புன்யாலா என்கிற நெல் விளையும் பகுதி இருக்கிறது. அங்கே வேட்டைக்காரர்கள் கார்போஃபியூரான் என்ற பூச்சிமருந்தை இரையில் கலந்து வைத்து, வாத்து, நத்தைகுத்தி நாரை போன்ற பறவைகளைக் கொன்று, கறிக்கு விற்றது வெளியே தெரிந்து பெரிய கவலையானது. இந்த மருந்தின் பெயர் நம் விவசாயக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. குருணை வடிவில் வயலில் போடுவார்கள். கையுறை இல்லாமல் தொடவே கூடாத மருந்து அது. அதைத் தின்ற பறவையின் கறியை நம் பிள்ளைகள் தட்டில் வைக்கலாமா?

ரோட்டில் விற்கிற பறவை கண்ணியில் சிக்கியதா, விஷம் தின்றதா, நோயில் விழுந்ததா என்று நம்மால் கண்டுபிடிக்க முடியாது. விற்பவர் சொல்லவும் மாட்டார். பறவைக்காகச் சொல்வதில் மட்டும் இல்லை, நம் வீட்டு வயிற்றுக்காகவும் சொல்கிறோம்: வாங்காதீங்க.

சட்டமும் இதையே சொல்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு வாத்தைப் பிடிப்பது, கொல்வது, அதன் கூட்டைக் கலைப்பது, முட்டையை எடுப்பது எல்லாம் குற்றம். வாங்குவதும் விற்பதும் குற்றம்தான். 2022-ல் செய்த திருத்தத்தில் அபராதத் தொகையை உயர்த்தினார்கள். பொதுவாக இதுபோன்ற குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். "தெரியாம வாங்கிட்டேன்" என்று சொன்னால் மனசுக்கு ஆறுதல் கிடைக்கலாம். வழக்கு வந்தால் அலைச்சல் நமக்குத்தான்.

வாத்து வளர்க்கும் சகோதரிகளுக்கு

வாத்து வளர்ப்பதைத் தவறு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது நல்ல தொழில். நம்பிக்கையான பண்ணையில், விசாரித்து, வளர்ப்பு வாத்துக் குஞ்சை வாங்குங்கள். குரல் பற்றித் தெரிந்தது இங்கேயும் உதவும்.

நாட்டு வாத்திலும் காக்கி கேம்பெல்லிலும் ஆறு முதல் எட்டு வார வயதில் குரல் பிரியும். உரக்க "குவாக்" என்று கத்தினால் பெட்டை. தொண்டை கட்டிய மாதிரி கம்மிய குரல் என்றால் ஆண். வாலில் சுருள் இறகு அதற்குப் பிறகுதான் வரும். முட்டைக்காக வாங்கும்போது இதைக் கேட்டுப் பார்த்து எடுத்தால், ஆணைப் பெட்டை என்று கொடுத்து ஏமாற்ற முடியாது. மணிலா வாத்துக்குச் சுருள் இறகு வராது. அதில் உடம்பு அளவையும் முகச் சதையையும் பார்க்க வேண்டும். அடைகாக்கும் நாளும் வேறு: நாட்டு வாத்துக்கு 28 நாள், மணிலாவுக்கு சுமார் 35 நாள். 28-ஆம் நாளில் பொரியவில்லையே என்று மணிலா முட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. ஏரி வாத்தைப் பிடித்து வந்து வீட்டு வாத்தோடு அடைக்கக் கூடாது. ஒன்றிடமிருந்து ஒன்றுக்கு நோய் தொற்றும். பத்து ரூபாய் லாபம் பார்க்கப் போய் மொத்தப் பட்டியும் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை, ஒரு நம்பிக்கை

1769-ல் வேல்ஸைச் சேர்ந்த தாமஸ் பென்னன்ட் என்பவர்தான் செண்டு வாத்துக்கு அறிவியல் முறையில் முதலில் பெயர் வைத்தார். இலங்கையிலிருந்து கிடைத்த பறவையை வைத்துத்தான் அந்தப் பெயர். ஆனால் பிற்காலத்தில் அதே இலங்கையிலேயே இந்த வாத்து இல்லாமல் போனது. உலகம் முழுவதும் கணக்கெடுத்தால் இது இன்னும் அழியும் நிலைக்கு வரவில்லை, ஆனால் எண்ணிக்கை குறைந்துகொண்டு வருகிறது. உலகில் இருக்கிறது என்பதால் நம்ம ஊரில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஊர் ஊராகத்தான் ஒரு பறவை காணாமல் போகிறது.

நம்பிக்கைக்கு வெகுதூரம் போக வேண்டாம். நம் செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலையே பாருங்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த ஊர்க்காரர்கள் எப்போதோ புரிந்துகொண்டார்கள். துப்பாக்கியோடு சுட வந்தவர்களை எதிர்த்து, 1790-களிலேயே அன்றைய ஆங்கிலேய கலெக்டரிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கினார்கள். படிப்பறிவு குறைந்த காலம், வெள்ளைக்காரன் ஆட்சி. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

நம்ம பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்புநிலம் இருக்கிறது. சேலையூர், செம்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் ஏரி ஏரியாக இறங்கிக் கடைசியில் அங்கேதான் போகிறது. சுமார் 3,000 ஏக்கர் பரப்பை 2022-ல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவித்தார்கள். 2015 டிசம்பர் மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதும் நமக்கு மறக்காது. தண்ணீர் தங்க ஏரி வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது. வாத்து வாழ இடம் இருக்கிற ஏரியில்தான் மழைத்தண்ணீருக்கும் இடம் இருக்கும்.

நாம் செய்யக் கூடியது

1. ரோட்டில், கோணிப்பையில் விற்கும் வாத்தை, ஏரிப் பறவையை, அதன் முட்டையை வாங்க மாட்டோம் என்று குழுத் தீர்மானமாக எழுதி வையுங்கள்.
2. கண்ணி, விஷ இரை, பறவை விற்பனை கண்ணில் பட்டால் தனியாகச் சண்டைக்குப் போகாதீர்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ ஊராட்சித் தலைவருக்கோ சொல்லுங்கள்.
3. செத்துக் கிடக்கும் பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள். ஒரே இடத்தில் பல செத்துக் கிடந்தால் கால்நடை மருத்துவருக்கும் தகவல் கொடுங்கள்.
4. ஏரிக்கரையில் பொந்துள்ள பழைய மரம் எது என்று குழுவாக நடந்து பார்த்துக் குறித்து வையுங்கள். ஏரி வேலை நடக்கும்போது, "யாருக்கும் ஆபத்து இல்லாத இடத்துல இருக்கு, இதை விட்டுடுங்க" என்று கேளுங்கள். கிராம சபையிலும் பேசலாம்.
5. குப்பையையும் கோழிக்கழிவையும் ஏரியில் கொட்டாதீர்கள், கொட்டவும் விடாதீர்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

* நம்ம ஏரியில் எத்தனை வகை வாத்து வருகிறது? எந்த மாதத்தில்?
* ராத்திரியில் சீழ்க்கை அடித்துக்கொண்டு போகும் பறவையை யார் யார் கேட்டிருக்கிறோம்?
* பாட்டி, அம்மா காலத்தில் இருந்து இன்று காணாமல் போன பறவை எது?

வயதான உறுப்பினர்களைக் கட்டாயம் பேச விடுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. பேசியதை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் போடுகிறோம்.

இதைப் படித்துக் காட்டியபோது, வாத்து வாங்கி ஏமாந்த அந்த அக்கா சொன்னார்: "இனிமே எவனாவது பையைத் தூக்கிட்டு வரட்டும், முதல்ல மூக்கைப் பாப்பேன்." நாமும் மூக்கைப் பார்ப்போம், குரலைக் கேட்போம், சகோதரிகளே.